ஆறு யூனிட்டின் பில் பாஸிங்கை ஒரே மையத்துக்குக் கொண்டுவருவது: முதலில் முறையை மாற்றுவதா, இடத்தை மாற்றுவதா?

கதிர்நூல் (கேள்வி)

வணக்கம். நூற்பும் நெசவும் உள்ள ஒரு குழுமம், தலைமை அலுவலகம் கோவை. உடுமலை, திண்டுக்கல், ராஜபாளையம், சத்தியமங்கலம், பாலக்காடு ஆகிய ஐந்து இடங்களில் நூற்பாலை, பல்லடத்தில் தறி. பல்லடம் மட்டும் தனிக் கம்பெனி. இப்போது ஒவ்வொரு யூனிட்டிலும் தனித்தனியாகப் பில் பாஸிங் (சப்ளையர் பில்லைச் சரிபார்த்துப் பணம் கொடுக்க அனுமதிக்கும் வேலை) நடக்கிறது. மொத்தம் 19 பேர், மாதம் சுமார் 4,200 பில். ஈஆர்பி (கொள்முதல், இருப்பு, கணக்கு எல்லாம் ஓடும் மென்பொருள்) ஒன்றுதான். ஆனால் வெண்டார் கோடு, ஐட்டம் கோடு எல்லாம் யூனிட்டுக்கு ஒரு மாதிரி.

இதையெல்லாம் கோவையில் ஒரு ஷேர்டு சர்வீஸ் மையமாக்க நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. பில் பாஸிங் முடிந்ததும் சம்பளப் பட்டியல் வேலையும் அங்கே வரும். "இருக்கிற முறையை அப்படியே மாற்றுங்கள், பிறகு சீர்செய்யலாம்" என்கிறார் ஆலோசகர். முறையைச் சீர்செய்யாமல் நகர்த்தினால் குழப்பம் ஆறு மடங்காகும் என்று உள்ளே சிலர் சொல்கிறார்கள். பிராசஸ் ரீடிசைன் (வேலை முறையையே மாற்றியமைப்பது) பாடங்களை இதில் எப்படிப் பொருத்துவது? எந்த வரிசையில் போகலாம்?

ஐந்தொகை

சார், இதற்கு விடை ஸ்டோர்ஸ் கேட்டில் இருக்கிறது, கணக்குப் பிரிவுக்குள் தேடாதீர்கள்.

ஃபோர்டு உதாரணத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1980களின் தொடக்கத்தில், வட அமெரிக்காவில் சப்ளையர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் பிரிவில் மட்டும் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். வேலையைச் சீர்படுத்தி, புதிய கம்ப்யூட்டர் போட்டு, 20 சதவீதம் குறைத்து 400 ஆக்கலாம் என்பது அவர்களின் முதல் திட்டம். மஸ்டாவில் அதே வேலையை 5 பேர் பார்ப்பது தெரிந்ததும் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். கடைசியில் 75 சதவீதம் ஆள் குறைந்தது. மேலாண்மை எழுத்தாளர் மைக்கேல் ஹாமர் 1990-ல் எழுதியதிலிருந்து இதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் எங்கே மாற்றினார்கள் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சரக்கு இறங்கும் மேடையில் மாற்றினார்கள். பர்ச்சேஸ் ஆள் பி.ஓ.வை (கொள்முதல் ஆணை) பொது டேட்டாபேஸில் ஏற்றுவார். சரக்கு வந்ததும் மேடையில் இருப்பவர் திரையைப் பார்ப்பார். பி.ஓ. இருந்தால் வாங்கிப் பதிவார், இல்லையென்றால் லாரி திரும்பும். முன்பு மூன்று தாள்களுக்கு நடுவே 14 விவரங்கள் ஒத்துப்போக வேண்டியிருந்தது. புதிய முறையில் பார்ட் நம்பர், அளவு அலகு, சப்ளையர் கோடு என்று மூன்றுதான்.

உங்கள் 19 பேரையும் கோவையில் ஒரே ஹாலில் உட்கார வைப்பது அந்த முதல் திட்டத்துக்குச் சமம். இன்னும் சொன்னால் அதைவிடக் குறைவுதான். 2001-ல் உலக வங்கியும் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டும் சென்னையில் பின்புல மையங்களை அமைத்தபோது அவர்களுக்குக் கண்டங்களுக்கு இடையிலான சம்பள வித்தியாசம் கைகொடுத்தது. திண்டுக்கல்லிலிருந்து கோவைக்கு வந்தால் சம்பளமும் வாடகையும் ஏறத்தான் செய்யும். இட மாற்றத்தில் உங்களுக்கு லாபம் கிடையாது, முறை மாற்றத்தில் மட்டுமே உண்டு. ஆலோசகர் சொல்லும் வழி உங்கள் கணக்குக்குப் பொருந்தாததற்கு அதுதான் காரணம்.

முதலில் செய்ய வேண்டியது அளவீடு. போன மாதம் பாஸ் ஆன பில்களில் யூனிட்டுக்கு 50 எடுங்கள், மொத்தம் 300 போதும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து தேதி குறியுங்கள்: கேட்டில் சரக்கு நுழைந்தது, ஜி.ஆர்.என். (சரக்கு வரவுச் சீட்டு) போட்டது, பில் கணக்குப் பிரிவுக்கு வந்தது, பாஸ் ஆனது, பணம் போனது. தேங்கிய பில்லுக்கு ஒரே ஒரு காரணக் குறியீடு போடுங்கள்: பி.ஓ. இல்லை, பி.ஓ. தேதி பில் தேதிக்குப் பின், ஜி.ஆர்.என். இல்லை, விலை வித்தியாசம், அலகு வித்தியாசம், ஜிஎஸ்டி எண் தவறு, ஒப்புதல் தேக்கம். "இதர" என்று ஒரு குறியீடு வைக்காதீர்கள், எல்லாம் அதில்தான் போய் விழும். முடித்துப் பார்த்தால் பெரும்பாலான காரணங்கள் பர்ச்சேஸிலும் ஸ்டோர்ஸிலும் பிறந்தவையாக இருக்கும். மையம் அமைத்தாலும் அவை மாறாது. தொலைபேசியில் விரட்டிக் கேட்கும் வேலை மட்டும் கூடும்.

ஃபோர்டு போலப் பில்லே இல்லாமல் பணம் கொடுப்பது நம் ஊரில் நடக்காது. உள்ளீட்டு வரி வரவு (வாங்கியபோது கொடுத்த ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) எடுக்க வரி இன்வாய்ஸ் கையில் இருக்க வேண்டும், சரக்கு வந்திருக்க வேண்டும், அது ஜிஎஸ்டிஆர்-2பியிலும் (சப்ளையர்கள் ஏற்றிய பில்களிலிருந்து ஜிஎஸ்டி தளம் தரும் மாதப் பட்டியல்) தெரிய வேண்டும். அதனால் பில்லை ஒழிக்க முடியாது, அது வரும் வரிசையை மாற்றலாம். பி.ஓ.வையும் ஜி.ஆர்.என்.னையும் முதலில் பொருத்தித் தொகையை நிர்ணயித்துவிடுங்கள். பில் வந்ததும் ஜிஎஸ்டி எண், இன்வாய்ஸ் எண், வரித்தொகை மூன்றையும் 2பியோடு சரிபார்த்தால் போதும், வரி வரியாகப் படிக்கும் வேலை இல்லை.

இன்னொரு கடிகாரமும் கேட்டில்தான் தொடங்குகிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள். 2023 நிதிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இந்தக் கெடு தாண்டினால் பணம் கொடுத்த ஆண்டில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும். நாள் எண்ணுவது சரக்கை ஏற்ற தேதியிலிருந்து. பில் கோவைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணும் மையம் மார்ச் 31 அன்று மாட்டிக்கொள்ளும். வெண்டார் மாஸ்டரில் (சப்ளையர் விவரப் பட்டியல்) உத்யம் எண்ணும் (சிறு நிறுவனப் பதிவு எண்), குறுவா சிறுவா நடுத்தரமா, உற்பத்தியா வியாபாரமா என்பதும் கட்டாயப் புலமாக இருக்கட்டும். நடுத்தர நிறுவனத்துக்கும் வியாபாரிக்கும் இந்த விதி பொருந்தாது.

பேரேடு

ஐந்தொகை சொல்வதில் எனக்கு உடன்பாடுதான், ஆனால் ஒரு எச்சரிக்கை. "எல்லாவற்றையும் சீர்செய்துவிட்டு நகர்த்துவோம்" என்று உட்கார்ந்தால் மூன்று வருடம் ஆனாலும் நகராது. ரீடிசைன் திட்டங்கள் தோற்ற இடங்களில் பாதி அதுதான்: சுவர் முழுக்க ஓட்டப்படம், யூனிட்டில் ஒரு தாள்கூட மாறியிருக்காது. நகர்த்திய பிறகு திருத்த முடியாதவற்றை மட்டும் முன்னால் திருத்துங்கள். அப்படிப்பட்டவை மூன்று: வெண்டார் மாஸ்டர், அளவு அலகு, ஒப்புதல் அதிகாரம்.

வெண்டார் மாஸ்டர். பெயரை வைத்து இரட்டையைத் தேடாதீர்கள். ஜிஎஸ்டி எண்ணின் 15 இடங்களில் 3 முதல் 12 வரை உள்ளது பான் எண். அதைப் பிரித்தெடுத்து வரிசைப்படுத்துங்கள். ஒரே பான், ஒரே மாநிலம், நான்கு கோடு என்று வந்தால் இணைத்துவிடலாம். பிறகு வங்கிக் கணக்கு எண்ணை வைத்து இன்னொரு முறை வரிசைப்படுத்துங்கள். வெவ்வேறு பானுக்கு ஒரே வங்கிக் கணக்கு வந்தால் அதை நிறுத்தி வைத்து, ஆள் அனுப்பி விசாரியுங்கள். பதிவில்லாத சிறு சப்ளையர்களுக்குப் பானும் வங்கிக் கணக்கும்தான் சாவி. இன்வாய்ஸ் எண்ணிலும் இதே நோய் உண்டு. ஒரு யூனிட்டில் "0045/25-26", இன்னொன்றில் "45", மூன்றாவதில் "இன்வ்-45" என்று அடித்திருப்பார்கள். ஆறையும் ஒன்றாகக் கொட்டிய முதல் மாதம், ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போவது இதனால்தான். 2பியில் சப்ளையர் ஏற்றிய எண் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு எழுத்தும் மாறாமல் அடிப்பது என்று விதி வையுங்கள்.

அளவு அலகு. நூற்பாலையில் இது சின்ன விஷயமே இல்லை. பஞ்சுக்கு விலை பேசுவது கண்டிக்கு, எடை மேடையில் வருவது கிலோ, இருப்பில் நிற்பது பொதி. ஒரு யூனிட்டில் கண்டியை 356 கிலோ என்றும், இன்னொன்றில் 355.62 என்றும் வைத்திருந்தால் என்ன ஆகும்? 100 பொதி, பொதிக்கு 170 வீதம் 17,000 கிலோ. முதல் கணக்கில் 47.75 கண்டி, இரண்டாவதில் 47.80. கண்டி 55,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு லோடுக்கு ஏறக்குறைய 2,800 ரூபாய் வித்தியாசம். யூனிட்டில் இருக்கும் குமாஸ்தாவுக்கு இது மனப்பாடம், கையாலேயே சரிக்கட்டி பாஸ் செய்துவிடுவார். கோவையில் புதிதாக உட்காருபவர் விலை வித்தியாசம் என்று நிறுத்துவார். பஞ்சு பில் நின்றால் அடுத்த லோடு வராது. எழுதப்படாத இந்த மாதிரிப் பழக்கங்களை ஒவ்வொரு யூனிட்டிலும் குமாஸ்தாவின் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி எடுங்கள். கூட்டம் போட்டுக் கேட்டால் வராது, பில்லைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் வரும்.

ஒப்புதல். ஆறு கையெழுத்து இருக்கும் இடத்தில் மூன்றுக்கு மேல் வேண்டாம். பி.ஓ.வில் ஒப்புதல் ஆன விலையைப் பில்லில் திரும்ப ஒப்புதலுக்கு அனுப்பாதீர்கள், வித்தியாசத்துக்கு மட்டும் அனுப்புங்கள். எனக்குச் சரியென்று படும் வரம்பு: விலையில் 1 சதவீதம் அல்லது 500 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. பஞ்சுக்கு மட்டும் தனி வரம்பு.

அடுத்தது, ஆறு யூனிட்டின் ஆறு பழக்கத்தையும் ஈஆர்பியில் அப்படியே ஏற்றித் தருமாறு கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். பிரிட்டிஷ் அரசின் ஐந்து ஷேர்டு சர்வீஸ் மையங்களை அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2012-ல் ஆராய்ந்தது. 90 கோடி பவுண்டு ஆகும் என்று எதிர்பார்த்தது 140 கோடி ஆகியிருந்தது. ஒவ்வொரு துறைக்கும் ஏற்ப வளைத்து வளைத்துச் சேவை சிக்கலாகிவிட்டது என்பது அதில் சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று.

சம்பளப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை: பில் பாஸிங் இரண்டு காலாண்டு நிலைத்து நடந்த பிறகு அதைத் தொடுங்கள். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து சுகாதாரத் துறை 2010 மார்ச்சில் புதிய சம்பள முறைக்கு மாறியது. சுமார் 78,000 ஊழியர்கள், 13 ஊதிய ஒப்பந்தங்கள், 200க்கு மேற்பட்ட படிகள், எல்லாம் சேர்ந்து 24,000க்கு மேற்பட்ட சம்பளக் கலவைகள். விதிகளைக் குறைக்காமல் அப்படியே ஏற்றினார்கள். பலருக்குச் சம்பளம் குறைந்தது, கூடியது, சிலருக்கு வரவே இல்லை. இரண்டு வருடம் கழித்தும் இரு வாரத்துக்கு ஒரு முறை சம்பளம் போட ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இரண்டு லட்சம் கைவேலைகள் செய்ய வேண்டியிருந்தது. எட்டு ஆண்டுச் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்டார்கள். பீஸ் ரேட், ஷிப்ட் அலவன்ஸ், வருகைப் படி, ஹாஸ்டல் பிடித்தம் என்று நம் மில்லிலும் கலவை குறைவில்லை. மையமாக்குவதற்கு முன்னால் படிகளின் எண்ணிக்கையைக் குறைத்தே ஆக வேண்டும். அதற்குத் தொழிலாளர் தரப்போடு உட்கார்ந்து பேசுங்கள். சம்பளம் தப்பாக வருவது ஒரு தொழிலாளியின் வீட்டு அடுப்பைத் தொடுகிற விஷயம், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

கதிர்நூல்

மிக்க நன்றி. 300 பில் வேலையை நாளையே தொடங்குகிறோம். மேலும் மூன்று கேள்விகள். மையத்தைத் தனிக் கம்பெனியாக்கி, யூனிட்களுக்குப் பில் போடலாமா? பாலக்காடு யூனிட்டுக்கு என்ன கவனிக்க வேண்டும்? "பி.ஓ. இல்லாமல் சரக்கு உள்ளே வராது" என்றால் ராத்திரி பேரிங் போன நேரத்தில் என்ன செய்வது என்று யூனிட் மேனேஜர்கள் கேட்கிறார்கள்.

உள்ளீட்டுவரி

முதல் இரண்டுக்கு மட்டும் சொல்கிறேன்.

உங்களுக்குத் தனிக் கம்பெனி வேண்டாம். தனிக் கம்பெனி என்றால் யூனிட்களுக்குப் போடும் ஒவ்வொரு பில்லிலும் 18 சதவீத ஜிஎஸ்டி, டிடிஎஸ் பிடித்தமும் உண்டு. பருத்தி நூல் விற்பனையில் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். தலைகீழ் வரி விகிதத்துக்கான (வாங்குவதற்கு அதிக வரி, விற்பதற்குக் குறைந்த வரி) ரீஃபண்ட் கணக்கில் சேவைக்குக் கட்டிய வரி சேராது, 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. வரி கட்டாமல் எல்.யு.டி. (உறுதிமொழிக் கடிதம்) மூலம் ஏற்றுமதி செய்யும் அளவுக்கு ரீஃபண்டில் வரும். உள்நாட்டு விற்பனை அதிகம் என்றால் பணம் லெட்ஜரில் முடங்கும் அபாயம் உண்டு. பெரிய கம்பெனியின் ஒரு பிரிவாகவே மையத்தை வையுங்கள். தமிழ்நாட்டு நூற்பாலைகள் நான்கும் ஒரே ஜிஎஸ்டி பதிவில் இருந்தால் அவற்றுக்கு வரிப் பில் எதுவும் தேவையில்லை, உள்கணக்கு போதும். பல்லடத்துக்கு மட்டும் சேவைப் பில் போடுங்கள்.

பாலக்காட்டுக்கு வேறு பதிவு, 32-ல் தொடங்கும் எண். இங்கே இரண்டைக் குழப்பக் கூடாது. ஆடிட் ஃபீஸ், ஈஆர்பி லைசென்ஸ், குழுக் காப்பீடு போல வெளியிலிருந்து பொதுவாக வாங்கும் சேவைக்கு 2025 ஏப்ரல் 1 முதல் ஐஎஸ்டி (பொதுச் சேவைகளின் வரி வரவைப் பதிவுகளுக்குப் பிரித்துத் தரும் முறை) வழி கட்டாயம். அதற்குத் தனிப் பதிவு எடுத்து, அந்த எண்ணில்தான் அத்தகைய பில்களை வாங்க வேண்டும். அதற்கான ரிட்டர்ன் ஜிஎஸ்டிஆர்-6, கெடு மாதம் 13-ஆம் தேதி. முந்தைய ஆண்டு விற்றுமுதல் விகிதத்தில் பங்கு பிரியும். மையத்தின் ஆட்கள் பாலக்காட்டுக்காகச் செய்யும் வேலை வேறு, அது கிராஸ் சார்ஜ் (ஒரே கம்பெனியின் ஒரு பதிவு இன்னொரு பதிவுக்குப் போடும் பில்). பெறும் பதிவுக்கு முழு வரவு கிடைக்குமானால் இன்வாய்ஸில் போடும் மதிப்பே ஏற்கப்படும், ஊழியர் சம்பளத்தை அதில் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2023 ஜூலை சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது.

மையம் திறந்ததும் வரும் பெரிய தவறு ஒன்றை இப்போதே தடுங்கள். "இனி பில்லைக் கோவைக்கு அனுப்பவும்" என்று சப்ளையர்களுக்குக் கடிதம் போடுவீர்கள். அதைப் படித்துவிட்டுப் பாதிப் பேர் பில்லிலேயே கோவை முகவரியையும் 33-ல் தொடங்கும் எண்ணையும் அச்சடித்துவிடுவார்கள். சரக்கு பாலக்காட்டில் இறங்கியிருக்கும், வரவு தமிழ்நாட்டு 2பியில் விழும். அதைத் திருத்த சப்ளையர் கிரெடிட் நோட் போட்டுப் புதிய பில் போட வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். கடிதத்தில் இப்படி எழுதுங்கள்: "பில்லை அனுப்ப வேண்டிய இடம் மட்டும் மாறுகிறது. பில்லில் அச்சிட வேண்டிய பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் மாறவில்லை." கீழே அந்த யூனிட்டின் எண்ணையும் போட்டுவிடுங்கள். பி.ஓ.விலும் இந்த இரண்டு முகவரியும் தனித்தனிப் பெட்டியில் இருக்கட்டும்.

ஐந்தொகை

பேரிங் கேள்வி நியாயமானது. அதற்கு வழி சொல்லாமல் விதி போட்டால் முதல் வாரத்திலேயே உடையும். யூனிட் மேனேஜர்களை எதிர்த்து நிறுத்திவிட்டு எந்த மையமும் ஓடியதில்லை.

பேரிங், பெல்ட், ஸ்பிண்டில் டேப், காட்ஸ், கிரீஸ் போன்றவற்றுக்கு யூனிட்டுக்கு அருகில் உள்ள இரண்டு, மூன்று கடைகளோடு வருட விலை ஒப்பந்தம் போட்டு, ஈஆர்பியில் திறந்த பி.ஓ. வைத்துவிடுங்கள். ராத்திரி சரக்கு வந்தால் ஷிப்ட் சூப்பர்வைசர் அந்தப் பி.ஓ. எண்ணைச் சொல்வார், கேட்டில் பதிந்துவிடலாம். ஒப்பந்தத்தில் இல்லாத பொருளானால் மேனேஜர் மொபைலில் ஒப்புதல் கொடுக்கும் அவசரப் பி.ஓ. உண்டு என்று வையுங்கள். அதற்கு மாத எண்ணிக்கை எல்லா யூனிட்டுக்கும் ஒரே பட்டியலில் தெரியட்டும். டீ, தபால், ஜெராக்ஸ் மாதிரிச் சில்லறையை மையத்துக்கே அனுப்பாதீர்கள், யூனிட் இம்ப்ரெஸ்டில் (சில்லறைச் செலவுக்கான முன்பணம்) முடித்துக்கொள்ளட்டும்.

விதியின் பாரம் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். சரக்கு நுழைந்து 24 மணி நேரத்தில் ஜி.ஆர்.என். யூனிட்டின் பொறுப்பு. பஞ்சுக்கு ஈரப்பதம், மைக்ரோனேர் (இழை நுண்மை) சோதனை முடிய வேண்டும் என்பதால் 72 மணி நேரம் கொடுங்கள், ஆனால் எடை ரசீது அன்றே ஏற வேண்டும். எல்லாம் பொருந்திய பில் மூன்று வேலை நாளில் பாஸ் ஆவது மையத்தின் பொறுப்பு. உள்செலவு பிரிக்கும்போது பில்லுக்கு ஒரே கட்டணம் என்று வைக்காதீர்கள். ஒழுங்காக வரும் யூனிட்டும் ஒழுங்கில்லாத யூனிட்டும் ஒரே தொகை கொடுத்தால் யாரும் மாற மாட்டார்கள். பொருந்திய பில்லுக்கு ஒன்று, தடைப்பட்ட பில்லுக்கு அதைப்போல ஐந்து மடங்கு என்று வைத்தால் மேனேஜரே ஸ்டோர்ஸ் ஆளைக் கூப்பிட்டுக் கேட்பார்.

பி.ஓ. போடுவதிலிருந்து பணம் போவது வரை ஒரே ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பர்ச்சேஸ் தலைவர் ஒரு பக்கம், மையத் தலைவர் இன்னொரு பக்கம் என்றால் இடையில் கிடக்கும் ஜி.ஆர்.என்.னுக்குச் சொந்தக்காரர் இல்லாமல் போகும்.

மாறும் தேதி: பஞ்சு வரத்து உச்சத்தில் இருக்கும் அக்டோபர் முதல் மார்ச் வரை வேண்டாம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் ஏப்ரலும் வேண்டாம். மாதத்தில் 7-ல் டிடிஎஸ் கட்டக் கெடு, 11-ல் ஜிஎஸ்டிஆர்-1, 20-ல் ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன் கெடு. அதனால் ஜூன் அல்லது ஜூலை 22 வாக்கில் ஒரு யூனிட்டோடு தொடங்குங்கள். பெரிய யூனிட்டும் வேண்டாம், பிரச்சினையே இல்லாத யூனிட்டும் வேண்டாம், நடுத்தரமானது ஒன்று. அதற்கு முன் ஜி.ஆர்.என். ஆகிப் பில் வராதவை, பில் வந்து ஜி.ஆர்.என். ஆகாதவை, சப்ளையர் அட்வான்ஸ், தீர்க்காத டெபிட் நோட் நான்கையும் யூனிட் மேனேஜரும் மையமும் கையெழுத்திட்ட பட்டியலாக எடுங்கள். 90 நாளைத் தாண்டியவை மையத்துக்கு வரக்கூடாது, அந்த யூனிட்டே முடித்துத் தரட்டும். 180 நாளில் பணம் கொடுக்காத பில்லுக்கு எடுத்த வரவை வட்டியோடு திருப்ப வேண்டும் என்பதால் அந்தப் பட்டியலுக்குக் கெடு உண்டு.

ஆட்களைப் பற்றி: முதல் யூனிட் இரண்டு மாத முடிவுகளை ஒழுங்காகத் தாண்டும் வரை அங்குள்ள குமாஸ்தா ஒருவரையும் எடுக்காதீர்கள். எடுத்தால் அந்த யூனிட் தனக்கென்று ஒரு எக்ஸெல் கணக்கு தொடங்கிவிடும், பிறகு இரண்டு இடத்திலும் ஒரே வேலை நடக்கும். 19 பேரில் யார் கோவைக்கு வருவார்கள், யார் ஸ்டோர்ஸ் வரவுப் பதிவுக்கு மாறுவார்கள், யார் ஓய்வுக்கு அருகில் இருக்கிறார்கள் என்பதைத் தேதி அறிவிக்கும் முன்பே அவரவரிடம் நேரில் பேசிவிடுங்கள். பில் பாஸிங்கில் பத்து வருடம் இருந்தவரை ஸ்டோர்ஸ் கேட்டில் உட்கார வைத்தால், எந்தச் சரக்கு எந்தப் பி.ஓ. என்று லாரி நிற்கும்போதே சொல்லிவிடுவார்.